கதவில் ஒட்டிய தொகை

அந்தக் காகிதத்தைக் கதவில் ஒட்டும்போது பூட்டம்மாவுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நாலு மூலையிலும் பசை தடவி, உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்தி, இரண்டு எட்டு பின்னால் போய் நின்று அழகு பார்த்தாள். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘நமது சங்கத்தின் கையிருப்பு, இன்றைய நிலவரம்.’ கீழே ஆறு இலக்கத்தில் ஒரு தொகை. அதற்கும் கீழே அவள் கையெழுத்து. தெருவில் போகிற எவன் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். படிக்கட்டுமே. பணத்தை எவள் தின்றாள் என்று வாய் கூசாமல் பேசினவர்கள் படித்துவிட்டு அந்த வாயை மூடிக்கொள்ளட்டும்.

சொந்தக் காசில் தனக்கே சூனியம் வைத்துக்கொண்டாள் மகராசி. அன்றைக்கு அது அவளுக்குத் தெரியவில்லை.

பூட்டம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, தெருக்காரர்கள் வைத்தது. அவள் சங்கத்தின் பொருளாளர். அவளிடம் போன பணம் பூட்டுக்குள் போன பணம், லேசில் வெளியே வராது. முதுகுக்குப் பின்னால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். எவரோ ஒரு காலத்தில் கார் நிறுத்திய கொட்டகை, மாத வாடகைக்கு. உள்ளே மடக்கிய சக்கர நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். கழற்றிய கட்டில்களின் சட்டங்கள் சுவரோரம் அடுக்கியிருக்கும். நடக்க முடியாதவர்கள் பிடித்து நடக்கும் வாக்கர்கள் ஆணியில் தொங்கும். மூச்சு வாங்குகிறவர்களுக்கான ஆக்சிஜன் மிஷின்கள் இரண்டு, பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். உள்ளே நுழைந்தால் ரப்பரும் கிருமிநாசினியும் கலந்த ஒரு வாடை. வீட்டில் யாராவது படுத்த படுக்கையாகிவிட்டால் இங்கே வந்து கட்டிலோ நாற்காலியோ எடுத்துப் போகலாம். வாடகை கிடையாது. டெபாசிட் மட்டும் கட்ட வேண்டும், சாமான் திரும்பி வந்ததும் டெபாசிட்டும் திரும்பப் போகும். ஏற்பாடு அவ்வளவுதான்.

ஆரம்பித்தது அக்காவும் தங்கையும். முதல் கட்டில் அவர்களுடைய அப்பா கிடந்த கட்டில். இப்போது அக்காக்காரி தலைவி, தங்கை பொருளாளர். குழுவுக்கு மூன்று பேராவது வேண்டுமே என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். அவருக்குக் காது மந்தம். கூட்டத்தில் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்களுக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். சம்பளத்துக்கு இருப்பவர் ஒரே ஒருவர், சக்கரமும் திருகாணியும் பழுது பார்க்கும் மெக்கானிக்.

அந்த மெக்கானிக்குக்குச் சம்பளத்தில் சேராத இன்னொரு வேலையும் இருந்தது. அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இருவருடைய மேசையும் ஒரே கொட்டகைக்குள்தான். ஒன்று கிழக்குச் சுவரைப் பார்த்து இருக்கும், மற்றது மேற்குச் சுவரை. நடுவில் மெக்கானிக் தரையில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருப்பார். “ஆயில் வாங்கின பில் எங்கேன்னு அந்த அம்மாகிட்ட கேளு” என்று ஒரு பக்கத்திலிருந்து வரும். “கண்ணு இருந்தா மேசை மேல பாக்கச் சொல்லு” என்று மறுபக்கத்திலிருந்து போகும். அவர் வாயே திறக்க வேண்டியதில்லை. இரண்டு காதையும் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். பெரியம்மா, சின்னம்மா என்று இருவரையும் மரியாதையாகத்தான் கூப்பிடுவார், சம்பள நாளில் கொஞ்சம் கூடுதல் மரியாதையாக.

பகைக்குக் காரணம் ஊரறிந்தது. அக்காவின் புருஷன் நுரையீரல் கெட்டுப் படுத்தபோது கட்டிலும் ஆக்சிஜன் மிஷினும் வேண்டியிருந்தது. அக்கா வந்து கேட்டாள். பூட்டம்மா ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள். டெபாசிட்டா, என்னிடமா என்று அக்கா விழித்தாள். “எல்லாருக்கும் உள்ளதுதான் உனக்கும்” என்றாள் பூட்டம்மா. அவளைக் கேட்டால் அது நேர்மை. தலைவிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமென்று வைத்தால் சங்கம் நாறிவிடும் என்பாள். அக்கா பையைத் திறந்து நோட்டுகளை ஒவ்வொன்றாக மேசை மேல் வைத்தாள். ஒவ்வொரு நோட்டையும் வைக்கும்போது தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு கட்டில் மெக்கானிக்கோடு திரும்பி வந்தது. டெபாசிட்டைக் கேட்டு அக்கா வரவில்லை. போய்க் கொடுக்கத் தங்கையும் எழுந்திருக்கவில்லை. ஒரு மாதம் கழிந்ததும் அந்தப் பணத்தையும் கையிருப்பில் சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். இதை விட்டுப் போய்விடலாமே என்றால், இவளிடம் விட்டுவிட்டுப் போவதா என்று இரண்டு பேருக்குமே ரோஷம்.

பூட்டம்மாவுக்கு இந்தக் கையிருப்பின் மேல் அப்படி என்ன வெறி என்று கேட்கலாம். காரணம் இருந்தது. சங்கத்தின் முதல் வருடத்தில் வாடகை ஒரு தவணை தவறிப்போனது. கொட்டகைக்காரர் ஆளைக் கூட்டிவந்து சாமான்களைத் தெருவில் தூக்கிப் போட்டார். அப்பாவின் கட்டில் சாக்கடை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. நனைந்த மெத்தையை இவள்தான் தலையில் சுமந்தாள். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு முடிவெடுத்தாள்: இனி ஒரு நாளும் இந்தச் சங்கம் பணமில்லாமல் நிற்கக் கூடாது. மாத நன்கொடையெல்லாம் வாடகைக்கும் சம்பளத்துக்கும் ஆயிலுக்குமே இழுத்துப் பறித்துச் சரியாக இருக்கும். ஒரு மாதம் நன்கொடை வராவிட்டால் கொட்டகைக்கும் தெருவுக்கும் நடுவில் நிற்பது அந்தக் கையிருப்பு ஒன்றுதான். அதை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, இரண்டு பேர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாதபடி செய்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள்.

அக்காவோ அந்தப் பணத்தில் ஒரு பழைய வேன் வாங்க வேண்டும் என்று நின்றாள். கட்டிலைத் தலைச்சுமையாகவும் ஆட்டோக் கூரையிலுமாக எத்தனை நாள் அனுப்புவது, பணம் வங்கியில் தூங்கவா வசூலித்தோம் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கேட்டவள் அக்கா என்பதால் பூட்டம்மாவுக்கு அநியாயமாகப் பட்டது. குழுக் கூட்டத்தில் அக்கா கடைசியாகப் பேசினாள், தபால்காரர் தலையாட்டினார், தீர்மானம் நிறைவேறியது. பூட்டம்மா வங்கித் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். அக்கா சும்மா இருப்பாளா? வேனுக்கென்று கடை கடையாக வசூலுக்குக் கிளம்பினாள். சங்கத்தில் காசில்லையா என்று கேட்டவர்களிடமெல்லாம் உதட்டைப் பிதுக்கினாள். “இருந்துதுன்னுதான் சொல்றாங்க. எங்க இருக்குன்னு கணக்கு வச்சிருக்கறவங்களத்தான் கேக்கணும்” என்றாள்.

அந்தப் பேச்சு மெக்கானிக்கின் காது வழியாகப் பூட்டம்மாவிடம் வந்து சேர்ந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு காசு, ஒரே ஒரு காசு அவள் கை வைத்ததில்லை. ஆட்டோவுக்குக்கூட தன் பையிலிருந்துதான் கொடுப்பாள். அந்த ஆத்திரத்தில் எழுதி ஒட்டியதுதான் கதவில் இருந்த காகிதம். ஒட்டின கையோடு இன்னொரு லாபமும் கண்ணில் பட்டது. இவ்வளவு இருப்பதைப் படித்த எவனும் அக்காவின் வேனுக்குச் சல்லிக்காசு தர மாட்டான்.

அதில் அவள் கணக்குத் தப்பவில்லை. வேனுக்கு மட்டுமா தரவில்லை? மாதாமாதம் தவறாமல் பணம் அனுப்பும் மருந்துக் கடைக்காரர் அந்தப் பக்கம் வந்தவர் நின்று படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். உங்களிடம்தான் இவ்வளவு கிடக்கிறதே, என்னைவிட நீங்கள் வசதியாக இருக்கிறீர்களே என்று சிரித்தார். அந்த மாதத்திலிருந்து அவருடைய பணம் நின்றது. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நிறுத்தினார்கள்.

“ஊருக்கே தம்பட்டம் அடிச்சாச்சு, இனி எவன் குடுப்பான்னு அந்த அம்மாகிட்ட கேளு” என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடி.

“திருடின்னு தம்பட்டம் அடிச்சது யாருன்னு திருப்பிக் கேளு” என்றாள் பூட்டம்மா.

மெக்கானிக் சக்கரத்தைச் சுழற்றினார்.

பிறகு வந்தார் சலூன்காரர். அதே தெருவில் நாலு கடை தள்ளி அவர் கடை. தோளில் துண்டு, சட்டையில் ஒட்டிய முடி, கையில் மடங்கி மடங்கிக் கிழியும் நிலையில் ஒரு ரசீது. கதவுக் காகிதத்தை உதடு அசைய முழுக்கப் படித்துவிட்டு உள்ளே வந்தார்.

“இந்தத் தொகையில எங்கப்பா கட்டிலுக்கு நான் கட்டின டெபாசிட்டும் சேத்தியாம்மா?”

கட்டிலை எப்போது திருப்பினீர்கள் என்று பூட்டம்மா கேட்டாள். அப்பா போன மறுநாளே கொண்டுவந்து போட்டேன், இரண்டு வருடத்துக்கு மேலாகிறது என்றார். அவள் ரசீதை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். எறும்பு ஊர்கிற அளவில் அங்கே ஒரு வரி அச்சடித்திருந்தது: ஒரு மாதத்துக்குள் கேட்டுப் பெறாத டெபாசிட் நன்கொடையாகக் கொள்ளப்படும். சலூன்காரர் கையை எட்டி நீட்டி வைத்துக்கொண்டு படித்தார்.

“அப்பனைப் பறிகுடுத்துட்டு மறுநாள் வந்து, எங்காசைக் குடுன்னு எவனாவது கைய நீட்டுவானா?”

“ஒரு மாசம் டைம் இருந்துதே.”

“நீங்க கூப்பிட்டுக் குடுத்திருக்கலாமே. நாலு கடை தள்ளித்தான இருக்கேன். உங்க வீட்டுக்காரருக்கு நான்தான முடி வெட்டறேன்.”

பதில் இல்லாதவர்கள் என்ன சொல்வார்களோ அதைச் சொன்னாள் பூட்டம்மா, சட்டம் சட்டம்தான் என்று. சலூன்காரர் ரசீதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

விஷயத்தைப் பச்சையாகவே சொல்லிவிடலாம். அந்தக் கையிருப்பில் நன்கொடை என்று பார்த்தால் கிள்ளுகிற அளவுகூட இல்லை. கிட்டத்தட்ட எல்லாமே இப்படித் தங்கிப்போன டெபாசிட்டுகள். கட்டில் திரும்பி வருகிறது என்றால் அதில் கிடந்தவர் எழுந்துவிட்டார் என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் போய்விட்டார் என்றுதான் அர்த்தம். கொண்டுவந்து போடுகிற மகனுக்கோ மகளுக்கோ கண் சிவந்திருக்கும், வந்த வழியே திரும்பிப் போய்விட்டால் போதும் என்றிருக்கும். அந்த நேரத்தில் பணத்தைக் கேட்க யாருக்கும் நா எழாது. பிறகு மறந்து போவார்கள், இல்லையென்றால் கேட்கக் கூச்சப்படுவார்கள். பூட்டம்மா கூப்பிட்டுக் கொடுத்ததில்லை. ஒரு மாதம் பொறுப்பாள், பிறகு வைப்பு நிதியில் சேர்த்துவிடுவாள். திருட்டு இல்லையே, அச்சடித்துத்தானே இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது உண்மையாகிவிட்டது. இழவு வீட்டுக்காரர்களின் கூச்சத்தைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய பணம் அது. அதைத்தான் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தாள்.

சலூன் என்பது எப்படிப்பட்ட இடம் என்று சொல்லத் தேவையில்லை. கழுத்தில் துணியைக் கட்டி உட்கார வைத்துவிட்டால் வெட்டி முடியும் வரை எவனும் எழுந்து ஓட முடியாது, சொன்னதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். சலூன்காரர் ஒவ்வொரு தலைக்கும் ஒரு தடவை இந்தக் கதையைச் சொன்னார். தலைகள் வீட்டுக்குப் போய் அலமாரியைக் குடைந்து பழைய ரசீதுகளைத் தேடின.

அந்த வாரமே கூட்டம் சேர்ந்துவிட்டது. காலையில் பூட்டம்மா சாவியோடு வரும்போதே கதவுக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். பிணந்தின்னிச் சங்கம் என்று ஒருவன் அவள் காதுபடவே சொன்னான். ஒரு பெண் ரசீதை அவள் மூக்குக்கு நேராக ஆட்டி, எங்கம்மா மூச்சு நின்ன மிஷினுக்கு நான் நகையை வைத்துக் கட்டின பணம் என்று சத்தம் போட்டாள். இன்னொருவர் உள்ளே வந்து ஆணியில் தொங்கிய வாக்கர்களில் இரண்டை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பணம் வந்ததும் இது வரும் என்று நடையைக் கட்டினார். மெக்கானிக் தடுக்கப் போய் முழங்கையில் சிராய்ப்போடு திரும்பினார்.

“சின்னம்மா, என் சம்பளத்த இப்பவே குடுத்துருங்க” என்றார் முழங்கையை ஊதிக்கொண்டே. “அப்புறம் கூட்டத்தோட கூட்டமா நானும் வெளிய போய் நிக்க வேண்டியிருக்கும்.”

கதவை ஒரு ஆள் நுழைகிற இடம் மட்டும் விட்டுச் சாத்திவிட்டு உள்ளே அக்கா, தங்கை, மெக்கானிக் மூன்று பேரும் இருந்தார்கள். வெளியே இரும்புக் கதவில் யாரோ கையால் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பூட்டம்மா மனதுக்குள் கூட்டிக் கழித்தாள். அத்தனை பேருக்கும் கொடுத்தால் கையிருப்பு காலி, நன்கொடையும் நின்றுவிட்டது, அடுத்த மாத வாடகைக்கு வழியில்லை. மறுபடியும் அப்பாவின் கட்டில் தெருவில்தான் கிடக்கும். கொடுக்காவிட்டால் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அக்காவும் அவளும் ஒரே கட்சியில் இருந்தார்கள். அக்காவுக்கும் அந்தப் பணம் போகக் கூடாது, அவளுக்கு வேன் வர வேண்டும்.

“சட்டப்படி ஒருத்தருக்கும் ஒண்ணும் குடுக்க வேண்டியதில்ல. போய்ச் சொல்லச் சொல்லு அந்த அம்மாவை” என்றாள் அக்கா.

பூட்டம்மா எழுந்திருக்கவில்லை. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே வெளியே போனாள். தலைவி அல்லவா, பேசத் தெரியும். ரசீதின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், உங்கள் பணம் எங்கேயும் போகவில்லை, உங்களைப் போன்ற குடும்பங்களுக்குத்தான் உதவப் போகிறது, பெரிய மனது பண்ணி நன்கொடையாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நயமாகச் சொன்னாள். பூட்டம்மா உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தான் இத்தனை வருடம் தனக்குள் சொல்லிக்கொண்ட அதே வார்த்தைகள் அக்காவின் வாயிலிருந்து வந்தன. வெளியிலிருந்து கேட்கும்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சலூன்காரரின் குரல் எழும்பியது. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் தலைவியம்மா. உங்க வீட்டுக்காரர் கெடந்ததும் இந்தச் சங்கத்துக் கட்டில்லதான். அவர் போனப்புறம் உங்க டெபாசிட்ட நீங்க வந்து கேட்டு வாங்கினீங்களா?”

கதவில் அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அக்கா எதையாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று பூட்டம்மா காத்திருந்தாள்.

“கேக்கல” என்றாள் அக்கா. குரலில் தலைவி காணாமல் போயிருந்தாள். “கேக்க வச்சிருக்கக் கூடாது.”

அது கூட்டத்துக்குச் சொன்ன பதிலில்லை என்று உள்ளே இருந்தவளுக்குத் தெரியும். நடுவில் மெக்கானிக் இல்லாமல், இரும்புக் கதவைத் தாண்டி நேராக அவளிடம் வந்த பேச்சு அது. பூட்டம்மாவுக்கு முகம் சூடேறியது. வெட்கத்தில் பாதி என்றால் கோபத்தில் பாதி. இவ்வளவு நாள் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஊரைக் கூட்டி வைத்தா சொல்கிறாய்? சரி, அப்படியே ஆகட்டும். எழுந்து போய்க் கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்தாள்.

“ரசீது வச்சிருக்கற எல்லாருக்கும் குடுத்துடறேன். ரசீது தொலைச்சவங்களும் வரலாம், என்கிட்ட அடிக்கட்டை இருக்கு” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மெக்கானிக்கின் பக்கம் திரும்பினாள். “தலைவியம்மா கையெழுத்துப் போடணும்னு சொல்லு. அதோட வேனையும் மறந்துடச் சொல்லு.”

அத்தனை ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அக்காவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. வங்கித் தாளில் அவள் போட்ட கையெழுத்து அடியில் இருந்த இரண்டு தாளிலும் பதிந்தது. “மனசு நெறைஞ்சுதான்னு அவளைக் கேளு” என்றாள். மெக்கானிக் வானத்தைப் பார்த்தார்.

வைப்பு நிதியை அவசரத்துக்கு உடைத்ததற்காக வங்கி வட்டியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. மிச்சத்தை வைத்துக்கொண்டு பூட்டம்மா கொட்டகை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள். வாங்கினவர்கள் மனம் நெகிழ்ந்து திருப்பிக் கொடுத்தார்கள் என்றெல்லாம் கதை விட நான் தயாராக இல்லை. ஒருத்தர் விடாமல் வாங்கிக்கொண்டார்கள். நகை வைத்த பெண் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள். வாக்கர் ஆசாமி வாக்கரைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் பணத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார். சலூன்காரர் வட்டி கிடையாதா என்று கேட்டார். சாயங்காலம் ஆனதும் பூட்டம்மா கதவில் இருந்த தொகையை அடித்துவிட்டுப் புதுத் தொகையை எழுதுவாள். ஒட்டினது ஒட்டியாகிவிட்டது, இனி குறைவதையும் ஊர் பார்க்கட்டும் என்ற வீம்பு. அடித்து அடித்து எழுதியதில் காகிதமே கறுத்துப் போனது.

குறைவதைக் கொட்டகைக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு இலக்கம் ஐந்தாகி நாலானபோது நேரில் வந்தார். பழைய கதை வேண்டாம், மரியாதையாக இந்த மாதக் கடைசியில் காலி செய்துவிடுங்கள், சாமானைத் தெருவில் போட எனக்கும் சங்கடமாக இருக்கிறது என்றார். பூட்டம்மா அவரிடம் கெஞ்சவில்லை. கெஞ்சினால் அக்காவின் காதில் விழும்.

எல்லோருக்கும் கொடுத்து, மெக்கானிக்கின் சம்பளத்தையும் கொடுத்த பிறகு பெட்டியில் கொஞ்சம் பணம் மிச்சமிருந்தது. கொட்டகைக்காரரிடம் கொடுத்தால் ஒரு மாத வாடகைக்கு ஆகும், இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடலாம். அதே பணத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு என்று பூட்டம்மாவுக்குத் தெரியும். பணம் கொடுக்கக் கொடுக்கக் கிழித்துப் போட்ட அடிக்கட்டையில் கிழிபடாமல் இருந்தது ஒரே ஒரு பெயர்தான், அக்காவின் பெயர். பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அந்தச் சிடுமூஞ்சிக்குக் கொடுத்துவிட்டு அப்பாவின் கட்டிலைத் தெருவில் போடுவதா என்று ஆற்றாமையாக இருந்தது. ஆனால் கேக்க வச்சிருக்கக் கூடாது என்ற அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை.

பணத்தை எடுத்துக்கொண்டு, மெக்கானிக்கைத் தாண்டி, கட்டில் சட்டங்களைத் தாண்டி அக்காவின் மேசைக்குப் போனாள். அந்தப் பக்கம் அவள் கால் வைத்து மூன்று வருடமாகிறது.

“அக்கா, உன் டெபாசிட்.”

அக்கா திரும்பவில்லை. “ரசீது தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு” என்றாள் மெக்கானிக்கிடம்.

“ரசீது வேணாம். நீ கேக்காமலே வீட்டுக்கு வந்து குடுத்திருக்கணும். குடுக்கல. தப்பு என்னுதுதான்.” பூட்டம்மா பணத்தை மேசை மேல் வைத்தாள்.

அக்கா பணத்தை எடுத்து எண்ணினாள். விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நிதானமாக எண்ணினாள். பையில் வைத்து மூடினாள். நீயே வைத்துக்கொள், வாடகைக்கு ஆகும் என்று சொல்வாள் என்று பூட்டம்மாவுக்குள் ஒரு நப்பாசை இருந்ததுதான். அது நடக்கவில்லை.

“மூணு வருஷம் லேட்டு” என்றாள் அக்கா.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்தச் சாமானையெல்லாம் எங்கே கொண்டு போவது, பழைய இரும்புக்காரனிடம் பேசட்டுமா என்று இரண்டு சுவருக்கும் பொதுவாகக் கேட்டார். பூட்டம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவள் முன்னால் அழுவேனா என்று அடக்கிக்கொண்டாள்.

அக்கா நாற்காலியைத் திருப்பினாள். மெக்கானிக்கைப் பார்க்கவில்லை, தங்கையை நேராகப் பார்த்தாள்.

“எங்க வீட்டு முன்ரூம் காலியாத்தான் கெடக்கு. அவர் இருந்த ரூம். அங்க கொண்டுவந்து போடலாம். வாடகை வேணாம்.”

பூட்டம்மா வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“டெபாசிட் உண்டு. நான் கட்டின அதே தொகை. சங்கத்துப் பணம் செல்லாது, உன் பணமா இருக்கணும். எல்லாருக்கும் உள்ளதுதான் உனக்கும்.”

பூட்டம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாவி, நேரம் பார்த்துக் காத்திருந்து அதே வார்த்தையை அப்படியே திருப்பி அடிக்கிறாளே, இவளும் ஒரு கூடப்பிறந்தவளா என்று மனசுக்குள் வைதாள். சுவரோரம் அப்பாவின் கட்டில் சாய்ந்திருந்தது. அதன் தலைமாட்டுக் கம்பியில் பெயின்ட் உரிந்த இடத்தை மெக்கானிக் அப்போதுதான் தேய்த்து வைத்திருந்தார். பூட்டம்மா கைப்பையைத் திறந்து, தன் சொந்தப் பணத்தை நோட்டு நோட்டாக மேசை மேல் வைத்தாள். ஒவ்வொரு நோட்டையும் வைக்கும்போது அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்காவும் கண்ணை எடுக்கவில்லை.

“ரசீது குடு” என்றாள் பூட்டம்மா.

அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்துத் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். பூட்டம்மா வாங்கிப் படித்தாள். தொகை சரியாக இருந்தது. பழக்கதோஷம், தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.